கோழி எருவுக்கு ஓர் இணையதளம், அதில் முப்பத்தொரு பேர்

குமரகுருவைப் பற்றி எழுதுவதென்றால் வாசனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதன்சந்தை பேருந்து நிறுத்தத்தில் அவன் வந்து நின்றால், திரும்பிப் பார்க்காதவனுக்கும் தெரிந்துவிடும். கோழி எரு வியாபாரம். பண்ணைகளில் கூண்டுக்கு அடியில் குவிகிற எருவை மொத்தமாகப் பேசி எடுத்து, காயவைத்து, பழைய தீவனச் சாக்கில் கட்டி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அனுப்புகிறவன். கல்யாண மண்டபத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். கோயில் நன்கொடை ரசீதுப் புத்தகம் மட்டும் மூக்கைப் பொத்தாமல் நேராக அவன் வீட்டுக்கு வரும்.

அந்த எருவை மலை ஏற்றுவது என் லாரி. என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பெயர் மணியன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்றைக்கு ஒன்பது லாரிக்கு முதலாளி. வியாபாரத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருக்கலாம், இதுவரை அது என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு இணையதளம் கிடையாது. லாரியின் பின்பக்கம் இருக்கிறது. பெயர், ஊர், போன் நம்பர், மூன்றும் நூறடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி மஞ்சளில் எழுதியிருக்கும். பின்னால் வருகிறவன் முன்னால் போக முடியாமல் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் அதையேதான் படித்தாக வேண்டும். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தப் பட்டதாரி கண்டுபிடித்தான் என்று எனக்குக் காட்டுங்கள்.

குமரகுரு இதற்கெல்லாம் நேர் எதிர். பி.காம். இரண்டு வருஷம் படித்தான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் கற்றுக்கொண்டது, யாராவது முகம் சுளித்தால் உடனே விலையைக் குறைப்பது. "மூட்டை இருநூத்தி நாப்பதுங்க" என்பான். எதிராளி மூச்சு விடுவதற்குள் "சரி இருநூத்தி முப்பதுன்னு வெச்சுக்கங்க" என்பான். எதிராளி ஆஸ்துமா நோயாளியாக இருந்தால் குமரகுரு இலவசமாகவே கொடுத்துவிடுவான். வாங்குகிறவன் ஒரு வார்த்தை பேசாமல் இவனே தன்னோடு பேரம் பேசித் தோற்பதை நான் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அவன் பிழைத்தான். காரணம் இரண்டு. அவன் எருவில் மண் கலக்கமாட்டான், ஈரத்தோடு அனுப்பமாட்டான். இன்னொன்று, இடுக்கிப் பக்கம் ஒரு பெரிய ஏலக்காய் எஸ்டேட் வருஷம் நாற்பது லோடு அவனிடமே எடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரே மேனேஜர். அவர் போனில் "குமரு, லோடு அனுப்பு" என்பார், இவன் அனுப்புவான். எழுத்து ஒன்றும் கிடையாது.

போன தை மாதம் அந்த மேனேஜர் ஓய்வு பெற்றார். புதிதாகச் சாக்கோ என்று ஒருவர் வந்தார். வந்த மூன்றாம் நாள் குமரகுருவின் போனில் ஒரு செய்தி: உங்கள் நிறுவனத்தின் இணையதள முகவரி அனுப்பவும், எரு எந்தெந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் இல்லையென்றால் பல்லடத்து எரு வியாபாரிகளிடம் பேசிக்கொள்கிறோம்.

குமரகுரு போனை எடுத்துக்கொண்டு என் லாரி ஷெட்டுக்கு வந்தான்.

"மணியண்ணா, நாப்பது லோடுங்க. இது போச்சுன்னா நான் கண்ணுசாமி மாமன் பண்ணைக்கே மறுபடி தீவனம் அள்ளத்தான் போகோணும்."

"போயேன். மாமன் என்ன அடிச்சா தொரத்தப்போறாரு?"

"அடிச்சாக் கூடப் பரவால்லீங்கண்ணா. தெனமும் சொல்லிக் காட்டுவாரு."

அதில் நியாயம் இருந்தது. கண்ணுசாமி அவனுடைய தாய்மாமன். சேந்தமங்கலம் போகிற வழியில் பதினெட்டாயிரம் கோழி வைத்திருக்கிறார். குமரகுரு காலேஜை விட்டதும் ஆறு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தான். வெளியே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கூட்டத்தில் யாராவது குமரகுருவைப் பாராட்டினால் "எம்பட பண்ணையில சாணி அள்ளப் பழகுன பையன்" என்று மாமன் முடித்துவைப்பார்.

சரி, இணையதளம் போட்டாக வேண்டும். குமரகுரு முதலில் போனது ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கூட்டத்துக்கு. சிறுதொழில் செய்கிறவர்கள் உலகத்தைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிற கூட்டம். கோட்டுப் போட்ட ஒருவன் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் நடந்தான். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "நான் ஒரு பிராண்ட்" என்று மூன்று தடவை கத்தச் சொன்னானாம். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர், தறி உதிரிபாகம் விற்கிறவர் ஒருவர், நடுவில் நம் கோழி எரு, மூவரும் கத்தியிருக்கிறார்கள். இந்தக் கோட்டுக்காரன் இதுவரை என்ன விற்றிருக்கிறான் என்று குமரகுருவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துக்கு டிக்கெட் வித்திருக்காருங்க" என்றான்.

அந்தக் கோட்டுக்காரனின் கம்பெனியே ஒரு இணையதளமும் செய்து கொடுத்தது. திறந்தால் ஊதா நிறப் பூந்தோட்டம். நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுக்கிறார்கள். கீழே கோழி எரு என்று எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே எங்கள் தொலைநோக்கு, எங்கள் இலட்சியம், எங்கள் விழுமியங்கள். எரு என்ன விலை, யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஊர் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அதைப் பார்த்துவிட்டுக் குமரகுருவின் மனைவி நர்மதா சொன்னாள்: "இந்தப் பொம்பள ஒரு நாள் நம்ம காயப்போடற களத்துல வந்து இப்புடி மூச்ச இழுக்கட்டும். அப்பறம் கண்ணத் தொறக்கறாளான்னு பார்க்கலாம்."

பத்து நாள் வீணாகிவிட்டது. நர்மதாதான் இன்னொரு ஆளைப் பிடித்தாள். பெயர் மோகனப்பிரியா. சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரக் குடும்பத்துப் பெண். வீட்டிலிருந்தபடியே சேலைக்கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பவள். கோட்டு கிடையாது, ஒரு பழைய ஸ்கூட்டி இருந்தது. நேராகக் களத்துக்கு வந்தாள், மூக்கைப் பொத்தவில்லை. நான் அன்றைக்கு லோடு விஷயமாக அங்கே இருந்தேன்.

"உங்ககிட்ட வாங்கறவங்க மொதல்ல கேட்கற கேள்வி என்னங்கண்ணா?"

"ஈரம் இருக்குதா, மண்ணு இருக்குதான்னு கேப்பாங்க."

"ரெண்டாவது?"

"லாரி எப்ப வரும்னு."

"அப்ப மொதப் பக்கத்துல இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தாப் போதும். எரு கையில நொறுங்கற மாதிரி ஒரு போட்டோ. உங்க போன் நம்பர் பெருசா. வெலையும் போட்டுடலாம்."

"வெல வேண்டாம் தாயி, போட்டா கொறைக்க முடியாது."

"அதுக்குத்தாங்க போடச் சொல்றது" என்று நர்மதா உள்ளேயிருந்து சொன்னாள்.

அந்தப் பெண் சொன்னது முழுக்க என் லாரியின் பின்பக்கத்தில் நான் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருப்பதுதான். படித்தவர்கள் தாமதமாக வந்து சேர்ந்தாலும் வரவேற்பதுதான் முறை.

கடைசியாக அவள் கேட்டாள்: "எரு எங்கெங்க எடுக்கறீங்க? எஸ்டேட்காரங்க அதத்தானே கேட்டிருக்காங்க. ஒரு அஞ்சு பண்ணை பேரு, ஊரு, எத்தன கோழி. அது போதும்."

இந்த இடத்தில்தான் குமரகுரு நம்ம ஊர்க்காரனாகிவிட்டான்.

எரு எடுப்பது பூராவும் சொந்தக்காரர் பண்ணைகளில். ஐந்து பேரை மட்டும் போட்டால் ஆறாவது ஆளின் வீட்டு விசேஷத்துக்கு எந்த முகத்தோடு போவது? நோட்டை எடுத்து உட்கார்ந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதுகிற அதே நோட்டு. தங்கை வீட்டுக்காரர் தீனதயாளன், பரமத்தி வேலூர்ப் பக்கம் அறுபதாயிரம் கோழி. தாய்மாமன் கண்ணுசாமி. பெரியப்பா மகன்கள் மூவர். நர்மதாவின் அண்ணன். சித்தி வீட்டுச் சம்பந்தி. அப்படியே நீண்டு முப்பதைத் தொட்டது. முப்பத்தொன்றாவதாகத் திருச்செங்கோட்டு அத்தையின் மருமகன். அவரிடம் பண்ணை கிடையாது. கொல்லையில் நான்கு நாட்டுக்கோழி மேய்கிறது.

"அவரு எதுக்குங்க?" என்றாள் மோகனப்பிரியா.

"போன தடவ காதுகுத்துப் பத்திரிகையில அவரு பேரு உட்டுப்போச்சு. ரெண்டு வருசம் பேசலே" என்றாள் நர்மதா.

ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஊர், கோழி எண்ணிக்கை, போன் நம்பர். பத்திரிகையில் பெயருக்குக் கீழே நம்பர் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதே பழக்கத்தில் இதிலும் போட்டுவிட்டார்கள். எந்த வியாபாரியாவது தான் சரக்கு எடுக்கிற இடத்தை, போன் நம்பரோடு, வாங்குகிறவன் கையில் கொடுப்பானா? நாளைக்கு அவன் இவனை விட்டுவிட்டு நேராக அங்கே போய்விடமாட்டானா?

"குமரு, நம்பர எடுத்துரு" என்றேன்.

"அது எப்புடிங்கண்ணா, ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம உடறது?"

"ஒருத்தருக்கும் போடாதே."

"அப்ப ஆளாளுக்குக் கூப்புட்டு ஏன் போடலேன்னு கேப்பாங்களே."

இவனிடம் அதற்குமேல் பேசினால் என் மூளையும் அதே மாதிரி ஆகிவிடும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இணையதளம் வெளியான அன்று சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அந்தப் பக்கத்தைப் போட்டான். கை கூப்பின படங்கள் வரிசையாக வந்தன. மாலை ஐந்து மணிக்குக் கண்ணுசாமி மாமனிடமிருந்து போன்.

"ஏம்மாப்ள, பேரு போட்டிருக்கியாட்ட."

"ஆமாங் மாமா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பார்த்தேன். தள்ளிட்டே போனேன். பெருவெரலு வலிக்குது. பத்தொம்பதாவதா வாரேன்."

மோகனப்பிரியா வரிசையைக் கோழி எண்ணிக்கைப்படி அடுக்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது நியாயம். தீனதயாளன் முதலில், மாமன் பத்தொன்பதில்.

"அது கோழிக் கணக்குங் மாமா. கம்ப்யூட்டரு அதுவா அடுக்கிருச்சு."

"ஓ. சொந்தத்தக் கோழிய வெச்சு அளக்கறீங்களாக்கும். உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவன் நான். நேத்து ஊட்டுக்குள்ள வந்தவன் உங்க தங்கச்சி புருசன், அவன் மேல, நான் பத்தொம்பது. சரி மாப்ள. அறுபதாயிரம் கோழி இருக்கறவன்கிட்டயே எரு எடுத்துக்க. எம்படது கெடக்கட்டும், வாழைக்குப் போட்டுக்கறேன்."

வைத்துவிட்டார்.

சொந்தக்காரன் கோபித்துக்கொள்வது புதிதல்ல. ஆனால் இதில் ஒரு சங்கடம். முப்பத்தொரு பேரில் நன்றாகக் காய்ந்த எரு மாமனிடம்தான் இருந்தது. தீனதயாளன் பண்ணையில் வெயிலுக்குக் கோழி செத்துவிடக் கூடாது என்று நாள் முழுக்கத் தண்ணீர் தூவுகிற குழாய் மாட்டியிருக்கிறார்கள். கோழி குளுகுளு என்றிருக்கும், எரு சேறாக இருக்கும். காய்வதற்கு ஒரு மாதம் பிடிக்கும்.

இதற்குள் நான் பயந்தது நடந்தது. சாக்கோ இணையதளத்தைப் பார்த்தார். குமரகுருவைக் கூப்பிடவில்லை. பட்டியலில் முதல் நம்பரிலிருந்து வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினார், பண்ணையிலேயே நேராக வாங்கினால் மூட்டை என்ன விலை என்று.

குமரகுரு செருப்புக்கூடப் போடாமல் என்னிடம் ஓடிவந்தான். "தீனதயாள மாப்ளகிட்டப் பேசிட்டாராமுங்கண்ணா. அடுத்தாப்புல பெரியப்பா ஊட்டுக்கு. எல்லாரையும் கூப்புடறாரு. முடிஞ்சுதுங்கண்ணா."

"யாரு என்ன வெல சொன்னாங்க?"

வாட்ஸாப் குழுவைக் காட்டினான். அதைப் படித்த பிறகு எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

குமரகுரு பண்ணையில் மூட்டைக்கு நூற்றிருபது கொடுத்துக்கொண்டிருந்தான். தீனதயாளன் எஸ்டேட்காரரிடம் நூற்று எண்பது சொல்லியிருக்கிறார், வெளியாளுக்கு வெளியாள் விலை. அதோடு விட்டிருந்தால் குமரகுரு கதை முடிந்திருக்கும். அவர் அதைக் குழுவில் போட்டார்: "கேரளா எஸ்டேட் மேனேஜரே கூப்பிட்டார். நூற்றி எண்பது சொல்லியிருக்கிறேன்." பெரியப்பா மகன் அதைப் படித்தார். தீனதயாளனே நூற்றி எண்பது சொன்னால் தான் குறைந்தவனா? இருநூறு சொல்லிவிட்டு அதையும் குழுவில் போட்டார். அடுத்தவர் இருநூற்றி இருபது. நர்மதாவின் அண்ணன், பெண் கொடுத்த வீட்டுக் கௌரவம், இருநூற்றி ஐம்பது. மதியத்துக்குள் விலை முந்நூறைத் தொட்டது. கண்ணுசாமி மாமனுக்குப் போன் வந்தபோது அவர் முந்நூற்றி எண்பது சொல்லியிருக்கிறார். நான்கு நாட்டுக்கோழி வைத்திருக்கிற திருச்செங்கோட்டு மருமகன், "இப்போதைக்குக் கொடுக்கிற உத்தேசம் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு மிக உயர்ந்த விலை அதுதான்.

"குமரு, நீ எஸ்டேட்டுல கொண்டுபோய் எறக்கற வெல என்ன?"

"இருநூத்தி நாப்பதுங்க."

"உங்க சொந்தக்காரங்க பண்ணையிலயே உன்னையவிட அதிகம். இப்ப ஊருலயே கொறஞ்ச வெல உம்படதுதான். வாயத் தொறக்காம ஊட்டுக்குப் போ."

சாக்கோ இரண்டு நாள் கழித்து நேரில் வந்தார். குட்டையான மனிதர், வெள்ளை வேட்டி, கையில் இணையதளத்தை அச்செடுத்த நான்கு தாள். நானும் போயிருந்தேன். என் லாரி வாடகையும் அந்த நாற்பது லோடில் இருக்கிறதல்லவா.

குமரகுரு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்ததும் அவர் நேராகக் கேட்டார்.

"குமரகுரு, இவங்க பண்ணையிலயே முந்நூறு, முந்நூத்தி எண்பது சொல்றாங்க. நீங்க அத்தனை தூரம் கொண்டுவந்து எறக்கி இருநூத்தி நாப்பதுன்னு இதுல போட்டிருக்கீங்க. அது எங்ஙனே முடியும்? மண்ணு சேர்க்கறீங்களா?"

விலை குறைவாக இருந்தால் வாங்குகிறவன் சந்தோஷப்படுவான் என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். சந்தேகம்தான் படுவான். அந்த நேரம் பார்த்துக் குமரகுருவின் வாய் திறக்கப் போவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து விலையைக் குறைப்பது. இருநூற்றி இருபது என்று சொன்னானோ, மண் கலப்பது உறுதி என்று அவர் எழுந்து போய்விடுவார்.

நர்மதாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. சமையலறையிலிருந்து தட்டுவடை செட் நிறைந்த தட்டோடு வந்தாள். சேலத்துப் பழக்கம், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின காய், சட்னி. விருந்தாளிக்கு இரண்டு வைத்தாள். புருஷனுக்கு ஆறு வைத்தாள். "ஏனுங்க, காலைலயிருந்து ஒன்னும் சாப்புடலே, மொதல்ல இதத் தின்னுங்க" என்று ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதை முழுசாக வாயில் போட்டால்தான் உண்டு, கடித்தால் மடியில் சிந்தும். குமரகுரு போட்டுக்கொண்டான்.

பிறகு அவளே பேசினாள். "இருங்க சார், மண்ணு இருக்குதான்னு நீங்களே பாருங்க." ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், களத்திலிருந்து ஒரு கை எரு. போட்டுக் கலக்கி மேஜைமேல் வைத்தாள். எரு மேலேயும் நடுவிலேயும் நின்றது. மண் இருந்தால் அடியில் மணலாகப் படிந்திருக்கும். சாக்கோ குனிந்து டம்ளரின் அடியைப் பார்த்தார். தட்டுவடையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அப்ப அவங்க எதுக்கு முந்நூறு சொல்றாங்க?"

"அவங்க சொல்றது உங்களுக்கில்லீங்க சார். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்க."

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, அவர் ஊரிலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்தானே. பேரத்துக்கு வந்தார்.

"சரி. நாப்பது லோடு எடுக்கறேன். இருநூத்தி இருபது போட்டுக்கலாம்."

குமரகுரு இரண்டாவது தட்டுவடையில் இருந்தான். தலையை ஆட்டப் பார்த்தான். நான் அவன் காலை மிதித்தேன். நர்மதா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தட்டுவடை நொறுங்குகிற சத்தம் மட்டும். மனிதனால் அமைதியை ரொம்ப நேரம் தாங்க முடியாது. சாக்கோவாலும் முடியவில்லை.

"இருநூத்தி முப்பது."

மூன்றாவது தட்டுவடை.

"உங்க ஆள் ரொம்பக் கண்டிஷனான ஆளுபோல" என்று சாக்கோ என்னைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷத்தில் குமரகுருவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "சரி, இருநூத்தி நாப்பது. ஆனா ஒரு பண்ணைய நான் கண்ணால பார்க்கணும். மேல இருக்கற பேர எல்லாரும் கழுவி வெச்சிருப்பாங்க. கடைசியில இருக்கறவருக்கு நாலு கோழிதான். நடுவுல ஒன்னு பார்ப்போம்." தாளில் விரலை ஓட்டி நிறுத்தினார். "கண்ணுசாமி."

குமரகுருவுக்குப் புரையேறியது.

மாமன் வெளியாளை வரவேற்றதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மோர் கொடுத்தார், கட்டில் போட்டார், பண்ணையைச் சுற்றிக் காட்டினார். சாக்கோ கூண்டுக்கு அடியில் இறங்கி ஒரு கை எருவை எடுத்துப் பிடித்து, விரலை விரித்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் வேணும். மொத லோடு இங்கிருந்தே வரட்டும். வெள்ளிக்கிழமை எஸ்டேட்டுக்குக் கெளம்பணும். கெளம்பிட்டா நாப்பதும் உறுதி."

"எரு இருக்குதுங்க சாமி. குடுக்கத்தான் மனசில்லே" என்றார் மாமன்.

"வெலை பத்தலியா? முந்நூத்தி எண்பது சொன்னீங்களே."

"அது சும்மா சொன்னது. காசுக்கா நான் பேசறேன்? மாப்ள நூத்தியிருபது குடுத்தாலும் போதும், நூறு குடுத்தாலும் போதும். பத்தொம்பதாவது ஆளுகிட்ட எதுக்கு மொத லோடு? கேளுங்க அவனை."

சாக்கோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க குடும்ப விஷயம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை லோடு" என்று குமரகுருவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாமனை மேலே ஏற்றினால் தீனதயாளன் கீழே இறங்க வேண்டும். கோடை முடிந்து அவருடைய எரு காயத் தொடங்கினால் பாதி லோடு அவரிடம்தான் எடுக்க வேண்டும். தங்கை வேறு போன் செய்து, "அண்ணா, மொதல்ல போட்டுட்டுப் பொறகு எறக்குனா அவரு எங்கூடப் பேசமாட்டாரு" என்று அழுதிருக்கிறாள். குமரகுரு மோகனப்பிரியாவுக்குப் போன் செய்து, ரெண்டு பேரையும் முதலில் போட முடியுமா என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. சேலைக்கடைக்காரர்களோடு பழகினவள், இதைவிடப் பெரிய கூத்துகளைப் பார்த்திருப்பாள்.

"வரிசையே வேண்டாங்கண்ணா. ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் பேரு மாறி மாறி வர்ற மாதிரி வெச்சர்றேன். இப்ப ஒருத்தரு மொதல்ல, மூடித் தொறந்தா வேற ஒருத்தரு. யாரும் யாருக்கும் கீழ கெடையாது."

குமரகுரு அதைக் குழுவில் அறிவித்தான். அன்றிலிருந்து நடந்ததை மோகனப்பிரியா எனக்குப் போனில் காட்டினாள். கோழி எரு இணையதளத்தை ஒரு நாளைக்கு எழுநூறு தடவை ஆட்கள் திறக்கிறார்கள். கோட்டுக்காரன் பார்த்தால் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துவான். எழுநூறும் இந்த முப்பத்தொரு பேர்தான். தன் பெயர் மேலே வருகிறவரை திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வந்ததும் அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். இணையதளத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று உங்களிடம் யாராவது கணக்குக் காட்டினால், அதில் எத்தனை பேர் எரு வாங்க வந்தார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் லாரி மாமன் பண்ணையில் போய் நின்றது. நானே கூடப் போனேன். சுமைதூக்குகிற ஆட்கள் ஆறு பேர் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாமன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தார். குமரகுரு பக்கத்தில் கையைக் கட்டி நின்றான்.

"தீனதயாளன்" என்று படித்தார் மாமன். மூடினார். திறந்தார். "உம்பட பெரியப்பன் பையன்." மூடினார். "திருச்செங்கோட்டான். நாலு கோழிக்கு இவன் மொத ஆளு, இருக்கட்டும்." மூடினார்.

"மாமா, எப்புடியும் வரும். ஆளுங்கள ஏத்தச் சொல்லட்டுங்களா?"

"வரட்டும் மாப்ள. என்ன அவசரம்?"

எட்டு நாற்பது ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. டிரைவர் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். மதியத்துக்குள் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் மலை ஏற முடியும். எனக்குத் தெரிந்த அத்தனை வியாபார தந்திரமும் அந்தக் கட்டிலுக்கு முன்னால் பிரயோஜனப்படவில்லை. மாமனின் கட்டைவிரல் மட்டும் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதேகாலுக்கு அந்த விரல் நின்றது. போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார். குமரகுருவிடம் நீட்டினார். எனக்கும் காட்டினார். சுமைதூக்குகிறவர்களில் மூத்தவரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். மேலே கண்ணுசாமி, சேந்தமங்கலம் வழி, பதினெட்டாயிரம் கோழி.

"ஏத்துங்கப்பா" என்றார்.

பதினொன்றரைக்கு லாரி தார்ப்பாய் கட்டிக் கிளம்பியது. குமரகுரு எஸ்டேட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினான். பத்து நிமிஷத்தில் சாக்கோவிடமிருந்து நாற்பது லோடுக்கும் எழுத்தில் உறுதி வந்தது. அவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மாமனுக்கும் படித்துக் காட்டினான்.

"நம்மகிட்ட இன்னும் எத்தன லோடு மாப்ள?"

"வருசத்துக்கு இன்னொரு பத்து வருமுங் மாமா."

"பத்தா" என்றார் மாமன், போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். "ஒரு நா முந்தியே சொல்லீரு. ராத்திரியிலிருந்தே தொறந்து பார்த்துட்டு இருக்கோணுமில்லே." எழுந்து சார்ஜரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.